உப்புத் தொட்டியில் கேப்டன் கிரிம்வெல்

அத்தியாயம் 11

முதலில் பறந்து வந்தது ஒரு பித்தளைச் செம்பு. வார்த்தைகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

"எறங்குங்க படியை விட்டு! போலீசுக்காரப் பொம்பளை என் வாசல்ல நிக்கக் கூடாது!"

செல்லச்சாமி தலையைச் சாய்த்தான். செம்பு அவன் காதோரமாகப் போய்த் தெருமணலில் பொத்தென்று விழுந்து, குழி பறித்துப் படுத்திருந்த கோழி ஒன்றைக் கிளப்பியது. அவன் போய்ச் செம்பை எடுத்து, மணலைத் தட்டி, மரியாதையாகப் படியில் வைத்தான்.

"தண்ணி ஊத்திக் குடுக்கணும் பெரியவரே. வெறுஞ்செம்பை நீட்டுனா தாகம் எப்படித் தீரும்?"

"ஏலே, வாயை மூடு" என்றாள் சண்முகவள்ளி. படியை விட்டு இறங்கவில்லை.

அவள் போலீஸ்காரி இல்லை. பதினோரு வருஷம் தனுஷ்கோடி சுங்கக் கொட்டகையில், இலங்கைக் கப்பலில் வந்திறங்கும் பெண்களைச் சோதனை போட்டவள். கொண்டைக்குள் கைக்கடிகாரம், கைக்குழந்தையின் அரைஞாணில் தங்கம், வயிற்றுப் பிள்ளைக்காரி வேஷத்தில் நாலு கஜம் சீனப்பட்டு என்று எல்லாவற்றையும் பார்த்துச் சலித்து, ஒரு நாள் ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு மண்டபத்துக்கு வந்துவிட்டாள். போலீசுக்குப் போகப் பயப்படுகிறவர்கள் இப்போது அவளிடம் வருகிறார்கள். செல்லச்சாமி முன்பு ஜட்கா ஓட்டியவன். வாய் நீளம் என்று சவாரிக்காரர்கள் எல்லோரும் அவனைக் கைகழுவினார்கள். குதிரை மட்டும் கடைசிவரை விசுவாசமாக இருந்து செத்தது. அதற்குப் பிறகு அவளிடம் வந்து சேர்ந்தான். முப்பத்தெட்டு வயசு. வாய் இன்னும் சுருங்கவில்லை.

இன்று காலை அவர்களைத் தேடி மண்டபம் ரயிலடிக்கு வந்தவள் வேளாங்கண்ணி. தங்கச்சிமடத்தில் மீனை உப்பிலிட்டுக் கருவாடு போடுகிறவள். ஒரே மகன் இன்னாசி. அவனுக்கும், இந்தச் செம்பு வீசிய கிழவர் வேதநாயகத்தின் மகள் அருள்மேரிக்கும் கல்யாணம் பேசி, கோவிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் சொல்லலாம் என்று சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் அறிவிக்க வேண்டும். மூன்றாவது ஓலை நாளைக் காலை.

அதற்குள் வியாழக்கிழமை வேதநாயகத்தின் பெட்டியிலிருந்து ஒரு புத்தகம் காணாமல் போயிற்று. வெள்ளிக்கிழமை அது இன்னாசியின் கடற்கரைக் கொட்டகையில், பாய்த்துணிக்கு அடியில் கிடைத்தது. இன்று சனிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கோவில் மணி அடிக்கும்போது, மாப்பிள்ளை திருடன் என்று கையெழுத்துப் போட்டுச் சாமியாரிடம் தடை கொடுக்கப்போவதாகக் கிழவர் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். தடை விழுந்தால் கல்யாணம் போச்சு. அதோடு போகாது, திருட்டுப் பட்டம் விழுந்தவனை ஊர்க் கமிட்டி தள்ளி வைக்கும். தள்ளி வைத்தவனை இந்தக் கரையில் எந்த வள்ளமும் ஏற்றாது.

இப்போது மணி மூன்று.

"புஸ்தகப் பெட்டியைப் பாக்கணும்" என்றாள் சண்முகவள்ளி.

"பாக்க முடியாது."

"சரி விடுங்க. எலி தின்னது போக அதுல என்ன மிச்சம் இருக்கப் போகுது? வாடா போவோம்."

வேதநாயகத்தின் மீசை துடித்தது. "எலியா? என் பெட்டியிலயா? ஏம்மா, உள்ள வா. வந்து உன் கண்ணாலயே பாத்துட்டு, அப்புறம் ஓடிப் போ!"

செல்லச்சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனான். பூட்டை உடைக்கக் கம்பி வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சண்முகவள்ளி அக்காவுக்கு ஒரு வார்த்தை போதும்.

வீடு வசம்பு வாசனையில் மூச்சு முட்டியது. கிழவர் முப்பத்தோரு வருஷம் தலைமன்னார்க் கப்பலில் பட்லர். துரைமார் பிள்ளைகள் அறையில் விட்டுப்போன ஆங்கிலச் சித்திரக்கதைப் புத்தகங்களை, ஊரில் காமிக்ஸ் என்று யாரும் கேள்விப்படாத காலத்திலேயே, ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சேர்த்தவர். சித்திரை வெயிலில் ஊரே மேல்துண்டைக் கழற்றிவிட்டுத் திரிய, அவர் மட்டும் கப்பல் கம்பெனியின் கறுப்புக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றார்.

"சாவியை எடு" என்றார் மகளைப் பார்த்து.

அருள்மேரி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினாள். கண் அழுது சிவந்திருந்தது. சாவியை வாங்கும்போது கிழவர் நழுவவிட்டார். கொத்து அவர் கால் கட்டைவிரல்மேலேயே விழுந்தது. அவர் குனியவில்லை. மகளைக் கூப்பிட்டு, கையிலிருந்த தடியால் சுட்டிக்காட்டினார். அடுப்படிப் பக்கம் திரும்பிப் போயிருந்த மகள் மறுபடி வந்து, குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"கோட்டுக்குக் கஞ்சி கொஞ்சம் ஜாஸ்தி" என்று முணுமுணுத்தான் செல்லச்சாமி.

தகரப் பெட்டி நாலு. திறந்ததும் கிழவரின் குரலே மாறிப்போயிற்று. திட்டு நிற்கவில்லை, ஆனால் திட்டுக்குள்ளே ஒரு பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது.

"அறுநூத்துப் பன்னண்டு. எண்ணிக்கோ. ஒண்ணுல ஆணி இருக்கான்னு பாரு. வெள்ளைக்காரன் நடுவுல கம்பி ஆணி அடிச்சு அனுப்புவான். நம்ம காத்துல ஒரு ஐப்பசி தாண்டுனா அது துருப்பிடிச்சுத் தாளையே தின்னுரும். கெடச்ச அன்னைக்கே ஆணியைப் புடுங்கி, நூல் போட்டுத் தச்சு, மெழுகுக் காயிதத்துல சுத்தி, வசம்பு வச்சு... இந்த ஊருல எந்த மடையனுக்குத் தெரியும் இது?"

"காணாமப் போனது எது?"

"கேப்டன் கிரிம்வெல், முதல் இதழ். கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே வந்த ஒரு துரை மகன் விட்டுட்டுப் போனது. நாலாம் நம்பர் அறை, மெத்தைக்கு அடியில. கொழும்புல ஒரு துரை இதுக்கு நாயா அலையிறான். இந்தப் பய அவன்கிட்டத் தள்ளிவிடப் பாத்திருக்கான்!"

செல்லச்சாமி மேலாக இருந்த ஒரு புத்தகத்தை எடுத்தான். எடுத்தது மட்டுமில்லாமல், பழக்கதோஷத்தில் விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டப் போனான்.

அடுத்த நொடி அவன் மணிக்கட்டில் தடி விழுந்தது. நாலு எட்டுத் தள்ளி நின்ற கிழவர் இடையில் இருந்த பெஞ்சை எப்படித் தாண்டினார் என்பது அவனுக்கு விளங்கவே இல்லை.

"எச்சி! எச்சிக் கையி! வெளிய போங்கடா!"

"அம்மா!" என்று கையை உதறினான் செல்லச்சாமி. "அது என்ன, அவ்வளவு ஒசத்தியான புக்கா?"

"நூத்திப் பத்தொம்பதாம் நம்பரு" என்றாள் அருள்மேரி, நிலைப்படியில் நின்றபடி. "ரொம்பச் சாதாரணம். எங்கன வேணாலும் கெடைக்கும்."

சண்முகவள்ளி பெஞ்சைப் பார்த்தாள். கிழவர் நின்றிருந்த இடத்தைப் பார்த்தாள். "வாரேன் பெரியவரே" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். கதவு முதுகுக்குப் பின்னால் அறைந்து சாத்தப்பட்டது.

தெருவில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. கொட்டகைக்கு வழி கேட்டபோது ஒருத்தி பதிலுக்குக் கழுநீரைத் தெருவில் கொட்டினாள். அது ஓடிய திசையில் நடந்தார்கள். அங்கேதான் கடல் இருந்தது.

கொட்டகை வாசலில் இன்னாசி வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூடவே, குற்றவாளி ஓடிவிடாமல் பார்க்க ஊர்க் கமிட்டித் தலைவர் யேசுதாஸ், பீடியோடு.

"யாரு கூப்பிட்டா ஒங்கள?" என்றான் இன்னாசி, தலை நிமிராமல்.

"உங்க ஆத்தா."

"அப்ப ஆத்தாகிட்டயே கேளுங்க."

"கேட்டோம். எம்மகன் தங்கம்னாக" என்றான் செல்லச்சாமி. "அக்கா பதினோரு வருஷம் தங்கம் புடிச்சவுக. அதான் உரசிப் பாக்க வந்திருக்கோம்."

இன்னாசி எழுந்தான். செல்லச்சாமியைவிட ஒரு முழம் உயரம். செல்லச்சாமி யேசுதாசுக்குப் பின்னால் இடம் பார்த்து நின்றுகொண்டான்.

"அந்தப் பொம்மைத் தாளை நான் எதுக்குத் திருடணும்? ஒரு துரை சுறா மேல கால வச்சு நிக்கிறான். அட்டையில பாத்திருக்கேன். நம்ம வள்ளத்துல நாலு நாளு வரச் சொல்லுங்க, சுறா எவன் மேல கால வைக்கிதுன்னு தெரியும். அத எடுத்து நான் என்ன கருவாடா மடிக்கப் போறேன்?"

சண்முகவள்ளி சட்டென்று திரும்பினாள். "இந்தக் கருவாட்டுப் பேச்சைப் பெரியவர்கிட்டயும் பேசுனீகளா?"

இன்னாசி முதல்முறையாகத் தயங்கினான். "முதல் ஓலை வாசிச்ச அன்னைக்கு அவுக வீட்ல சாப்பாடு. பெட்டி பெட்டியா இருந்துச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் ஆத்தாவுக்குக் கருவாடு மடிக்கத் தாளு வாங்க வேண்டியதில்லைன்னு சொன்னேன். வெளாட்டுக்குத்தான். எல்லாரும் சிரிச்சாக."

"அவரு?"

"அவரு பாதிச் சாப்பாட்டுல கைய கழுவிட்டு எந்திரிச்சுட்டாரு."

யேசுதாஸ் தொண்டையைக் கனைத்தார். "இவன் பேச்செல்லாம் எடுபடாதும்மா. பெரியவரு, நானு, இன்னொரு கமிட்டியாளு, மூணு பேரும்தான் வந்தோம். அங்கன, அந்தப் பாய்க்கு அடியில இருந்துச்சு. கண்ணால பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு? வெறும் மணல்லயா?"

"இல்ல. ரெண்டு மிதவைக் கட்டையை வச்சு, அதுக்கு மேல. எண்ணெய்த் துணி சுத்தி, அதுக்குள்ள மெழுகுக் காயிதம் மூணு சுத்து. நூல் கட்டு. வசம்பு வாடை மூக்கைத் தொளைச்சுது."

"பிரிச்சுப் பாத்தீகளா?"

"பெரியவரு விடல. காத்துப் பட்டா வீணாப் போயிரும்னாரு. காயிதத்துக்கு மேலயே தடவிப் பாத்து, இதான் என் கிரிம்வெல்லுன்னு மாருல அடிச்சுக்கிட்டு அழுதாரு. ஆறு மணிவரைக்கும் கமிட்டிப் பொறுப்புல இருக்கட்டும்னு நான் வாங்கி வச்சேன். என் வீட்ல, பத்தாயத்து மேல கெடக்கு."

"நேத்துலேந்து எத்தனை தடவை வந்து பாத்தாரு?"

யேசுதாஸ் பீடியை அணைத்தார். யோசித்தார். "ஒரு தடவை கூட வரலையே."

சண்முகவள்ளி மிதவைக் கட்டைகளை ஒரு முறை காலால் நகர்த்திப் பார்த்துவிட்டு, கடலைப் பார்த்து நடந்தாள். செல்லச்சாமி மூச்சிரைக்கப் பின்னால் ஓடினான்.

"அக்கா, எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"சொல்லு."

"திருடுனவன் ஈரம் படாம கட்டை வச்சு, மூணு சுத்துச் சுத்தி, வசம்பு போட்டு வச்சிருக்கான். இன்னாசிக்கு அது கருவாட்டுத் தாளு. அவன் செஞ்சிருந்தா இடுப்புல சொருகிக்கிட்டுப் போயிருப்பான். அப்ப இந்தப் பக்குவம் தெரிஞ்ச கை யாரோடது? இடுப்புல சாவி தொங்குது, அந்தப் பொண்ணு! நூத்திப் பத்தொம்பதுன்னு தூரத்துல நின்னே சொன்னா பாருங்க. இவனைக் கட்டிக்க இஷ்டமில்ல. அதான் தூக்கிக் கொண்டாந்து இங்கன போட்டுட்டா. எப்படி?"

"பாதி சரி."

"எந்தப் பாதி?"

"முன் பாதி." அவள் திரும்பினாள். "ஓடிப்போய் யேசுதாசைப் பொட்டலத்தோட வேளாங்கண்ணி வீட்டுக் கொல்லைக்கு வரச் சொல்லு. பெரியவருக்கும் ஆளனுப்பு. புஸ்தகத்தை அவர் கையிலயே திருப்பிக் குடுக்கப் போறோம், வந்து வாங்கிக்கட்டும்னு சொல்லு."

"வரலைன்னா?"

"தொலைஞ்ச சாமானைக் குடுக்குறோம்னா வராம இருக்க முடியுமாடா? ஊரு என்ன சொல்லும்?"

ஐந்தேகால் மணிக்கு வேளாங்கண்ணியின் கொல்லையில் இருபது பேர் கூடிவிட்டார்கள். அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஒருவர்கூட நல்லது நடக்க வந்தவர் இல்லை. நடுவில், மீன் ஊறப்போடும் சிமெண்டுத் தொட்டி. உப்புத் தண்ணீர் விளிம்புவரை பழுப்பாக நின்றது. கிழவர் அதே கோட்டோடு, வேர்த்து ஒழுகிக்கொண்டு, தொட்டிக்கு ஆறு எட்டுத் தள்ளித் தடியை ஊன்றி நின்றார். பின்னால் அருள்மேரி. எதிரே இன்னாசி.

"சீக்கிரம் குடு. மணி அடிக்கப் போகுது. சாமியார்ட்டப் போகணும்" என்றார் வேதநாயகம்.

"குடுத்துட்டாப் போச்சு." சண்முகவள்ளி யேசுதாசிடமிருந்து பொட்டலத்தை வாங்கினாள். எண்ணெய்த் துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மெழுகுக் காகிதக் கட்டு மட்டும் கையில். பேசிக்கொண்டே தொட்டி ஓரமாக வந்து, கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டினாள்.

"அக்கா..." என்றான் செல்லச்சாமி.

"ஏ! ஏ! பொம்பளை! என்ன செய்யிற!" என்று அலறினார் கிழவர்.

அவள் விரல்களைத் திறந்தாள்.

தொப்பென்று ஒரு சத்தம். ஒரே நேரத்தில் எல்லாம் நடந்தது. யேசுதாஸ் பீடியோடு பாய்ந்தார். வேளாங்கண்ணி "மாதாவே!" என்று தலையில் கைவைத்தாள். அருள்மேரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, தோள்வரை தொட்டிக்குள் கையை விட்டாள். தன்னைத் திருடன் ஆக்கிய அந்தப் பொட்டலத்தைப் பிடிக்க இன்னாசியே ஒரு பக்கம் தாவினான். செல்லச்சாமியின் சட்டை முன்பக்கம் முழுக்க மீன்வாடைத் தண்ணீர்.

"கொன்னுட்டாளே! என் உசுரைக் கொன்னுட்டாளே!" வேதநாயகத்தின் குரல் தெருமுனைவரை கேட்டது.

"எல்லாரும் பெரியவர் காலைப் பாருங்க" என்றாள் சண்முகவள்ளி, சத்தம் போடாமல்.

பார்த்தார்கள். ஊன்றிய தடி ஊன்றிய இடத்திலேயே இருந்தது. இரண்டு கால்களும் மணலில் பதிந்த தடத்தை விட்டு ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

"மத்தியானம் நூத்திப் பத்தொம்பதாம் நம்பரு. எங்கனயும் கெடைக்கிற புக்கு. அதுல இந்தத் தடியன் எச்சி விரலை வைக்கப் போனான். பெரியவர் பெஞ்சைத் தாண்டிக் குதிச்சு வந்து அடிச்சாரு. இப்ப அவர் உசுரே உப்புத் தண்ணியில விழுந்திருக்கு. வாய்தான் அழுவுது. காலுக்கு ஏன் பதறல?"

யேசுதாஸ் கிழவரின் காலிலிருந்து முகத்துக்குப் பார்வையை உயர்த்தினார்.

"நேத்துலேந்து அது யேசுதாஸ் வீட்டுப் பத்தாயத்து மேல கெடக்கு. ஒரு தடவைகூட வந்து பாக்கல. ஏன்? காலுக்குத் தெரியும், அது கிரிம்வெல் இல்லைன்னு."

"பொய்!" கிழவரின் முகம் வெளிறியது.

அதற்குள் அருள்மேரி ஈரப் பொட்டலத்தைத் தொட்டி விளிம்பில் வைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மூன்று சுற்றையும் பிரித்திருந்தாள். நனைந்த அட்டையைப் பார்த்தாள். பின்னட்டையைத் திருப்பினாள். ஒரு மூலை அரைவட்டமாகக் கடிபட்டிருந்தது.

"முப்பத்தேழு" என்றாள். அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது. "நம்மகிட்ட இது ரெண்டு இருக்கு. இது எலி கடிச்சது. பரண் மேல கோணியில கெடந்துச்சு." நிமிர்ந்தாள். "அய்யா. பரண்ல நான் ஏற மாட்டேன். நீங்கதான் ஏறுவீக."

செல்லச்சாமி தன் ஊகத்தின் பின் பாதியை மானசீகமாகச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

"மாப்பிள்ளை மேல பழி போட முதல் இதழையே கொண்டாந்து வச்சிருந்தா யாரும் கண்டுபுடிச்சிருக்க முடியாது" என்றாள் சண்முகவள்ளி. "ஆனா பெரியவருக்கு மனசு வரல. ஒரு ராத்திரி, இந்த உப்புக் காத்துல, கொட்டகையில அதை விட்டுட்டு இருக்க அவரால ஏலாது. கழிச்சுப் போட்ட ஒண்ணை வச்சாரு. அதையும் சும்மா வைக்க முடிஞ்சுதா? கட்டை வச்சு, வசம்பு போட்டு, மூணு சுத்து. கைப்பழக்கம். அதுதான் மொதல்ல காட்டிக்குடுத்துச்சு."

"அப்ப நெசமான முதல் இதழ் எங்க?" என்றார் யேசுதாஸ்.

"பெட்டியில வைக்க முடியாது, மக சாவி வச்சிருக்கா. பரண்ல வைக்கப் பயம், எலி. இலங்கைக் கப்பல்ல எத்தனையோ பேரை நான் பாத்திருக்கேன் யேசுதாஸ் அண்ணே. மடியில சாமான் இருக்கறவன் நல்லாச் சிரிப்பான், நல்லா நடப்பான். குனிய மட்டும் மாட்டான்." அவள் வேதநாயகத்தைப் பார்த்தாள். "பெரியவரே, சித்திரை வெயில்ல அந்தக் கோட்டு எதுக்கு? மத்தியானம் கால்மேல சாவி விழுந்துச்சு. மகளைக் கூப்பிட்டுத்தான் எடுத்தீக. இப்ப அந்தத் தடியைக் கீழ போட்டுட்டு, நீங்களே குனிஞ்சு எடுங்க. நான் இப்படியே மண்டபத்துக்கு ரயிலேறிருறேன்."

கிழவர் தடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"ஆம்பளையை நான் சோதனை போடுறதில்லை" என்றாள் அவள்.

"நான் போடுறேன்" என்றாள் அருள்மேரி.

போனாள். கைகளை முந்தானையில் ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள். இந்தக் கோபத்திலும் ஈரக் கையோடு தொட அவளுக்கு வரவில்லை. கறுப்புக் கோட்டின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கிழவர் தடுக்கவில்லை. நெஞ்சோடு நெஞ்சாக, தடித்த அட்டை இரண்டுக்கு நடுவே, எண்ணெய்த் துணியில் நாலு சுற்று. வேர்வை உள்ளே இறங்கவில்லை. பிரித்ததும் அட்டையில் கேப்டன் கிரிம்வெல் சுறாவின்மேல் ஒரு காலை ஊன்றி, முப்பத்தைந்து வருஷமாக நின்ற மாதிரியே நின்றார்.

"அவன் கருவாடு மடிக்கலாம்னான்!" கிழவர் வெடித்தார். வெட்கமில்லை, கெஞ்சல் இல்லை, சுத்தமான ஆங்காரம். "எல்லாரும் சிரிச்சீக! நீயும் சிரிச்ச யேசுதாசு, நான் பாத்தேன்! முப்பத்தோரு வருஷம்! கப்பல் ஆட்டத்துல நான் பட்டினி கெடந்து சேத்தது! நான் கண்ணை மூடின மறுநாளு இவன் ஆத்தா அதுல நெத்திலியைச் சுத்திச் சந்தைக்கு அனுப்புவா! அப்படிப்பட்டவனுக்கு என் பொண்ணா? தடை குடுப்பேன்! இப்பவும் குடுப்பேன்! இவ சொல்றதை எழுத்துல காட்டு. மாமனார் சொன்னாச் சாமியார் கேப்பாரா, மண்டபத்துக்காரி சொன்னாக் கேப்பாரா?"

 கிழவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. கல்யாணத்துக்குத் தடை சொல்லப் பெண்ணைப் பெற்றவனுக்கு முதல் பாத்தியதை. வேளாங்கண்ணி மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். மணி ஆறாகப் பத்து நிமிஷம்கூட இல்லை.

 அருள்மேரி முதல் இதழை எடுத்துக்கொண்டு தொட்டிக்குத் திரும்பி நடந்தாள். கையை நீட்டினாள். எண்ணெய்த் துணி இல்லை, மெழுகுக் காகிதம் இல்லை. வெறும் தாள், வெறும் தண்ணீர், நடுவே ஒரு சாண் காற்று.

"மேரி." கிழவரின் குரல் உடைந்தது. "வேணாம்மா."

"சாமியார்ட்டப் போங்க. தடை இல்லைன்னு சொல்லுங்க. யேசுதாஸ் மாமா கூட வருவாக."

"காத்துப் படுதுடி..."

அவள் ஒரு விரலைத் தூக்கினாள். நாலு விரலில் தொங்கியது புத்தகம். அடுத்த விரலையும் தூக்கினாள்.

இந்தத் தடவை கால் நகர்ந்தது. தடி ஒரு பக்கம் விழ, கோட்டு இரண்டு பக்கமும் பறக்க, வேதநாயகம் ஆறு எட்டுத் தூரத்தையும் இரண்டே தாவலில் கடந்து வந்து, தொட்டி ஓரத்தில் முழங்காலில் விழுந்து, மகளின் கைக்குக் கீழே தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தினார். கோவிலில் நன்மை அப்பம் வாங்கும்போதுகூட அவர் அப்படி முழங்காலிட்டிருக்க மாட்டார்.

"நல்லாத்தான் குனியிறாரு" என்றான் செல்லச்சாமி.

"போறேன்" என்றார் கிழவர், தரையைப் பார்த்து. "போய்ச் சொல்றேன். உள்ள கொண்டுபோடி."

யேசுதாஸ் அவர் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். இருவரும் கோவிலை நோக்கி நடந்தார்கள். கிழவர் நாலு அடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், மகளை அல்ல. தெருமுனை திரும்பும்வரை எவனும் அவருக்கு வழிவிடவில்லை. அவர்தான் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் இன்னாசி பெருமூச்சு விட்டான். மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். "நல்லா மாட்டினாரு. ஒரு பொம்மைப் புக்குக்கு இம்புட்டு..."

"நில்லுங்க" என்றாள் அருள்மேரி.

அவள் கிரிம்வெல்லை நாலு சுற்றும் குறையாமல் சுற்றி முடித்திருந்தாள். மூலைகளை மடித்த விதத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அறுநூற்றுப் பன்னிரண்டையும் இத்தனை வருஷமாகப் பிரித்தும் தைத்தும் வந்த கை யாருடையது என்பது செல்லச்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது.

"கருவாடு மடிக்கலாம்னு சொன்னீகளா?"

"அது... வெளாட்டுக்கு."

"நான் அன்னைக்கு அடுப்படியில இருந்தேன். எனக்குக் கேக்கல. கேட்டிருந்தா அய்யாவுக்கு இம்புட்டு வேலை இருந்திருக்காது." பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நாலு பெட்டியும் என்கூட வருது. ஒரு தாள், ஒரே ஒரு தாள்ல மீன்வாடை அடிச்சாலும் சரி. மூணு ஓலையைத்தான் சாமியாரு வாசிப்பாரு. நாலாவது ஓலையை நான் வாசிப்பேன்."

கோவில் மணி அடித்தது. கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது.

இன்னாசி தன் இரண்டு கைகளையும் மெதுவாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான். பிறகு தாயின் பக்கம் திரும்பி, வீட்டில் சோப்புக் கட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டான்.